பத்தாயிரம் ரூபாயும் வாரம் நான்கு மணி நேரமும்: தன்னம்பிக்கைக்காக எதில் செலவிடுவது?

வீட்டில் மசாலாப் பொடி அரைத்துத் தெரிந்தவர்களுக்கு மட்டும் விற்கிறவர், மூன்று வருடமாக அதே இருபது வாடிக்கையாளரோடு நிற்கும் தையல்காரர், பக்கத்து ஊரில் இரண்டாவது கடை திறக்க வேண்டும் என்று நினைத்து நினைத்தே தள்ளிப்போடும் மொபைல் கடைக்காரர். மூவரையும் கேட்டால் பதில் ஒன்றுதான்: "எல்லாம் தெரியும், மனசுதான் வரலை." உடனே ஒருவர் மோட்டிவேஷன் செமினாருக்கு டிக்கெட் எடுக்கச் சொல்வார். இன்னொருவர், தனியாகப் பேசி வழிகாட்டும் ஒரு கோச்சின் போன் நம்பரைத் தருவார். அரசுப் பயிற்சி, பேச்சு மன்றம், வணிகர் குழு என்று வழிகள் நீளும். கையில் இருப்பதோ 10,000 ரூபாய், வாரம் நான்கு மணி நேரம், மூன்று மாதம். எதில் போடுவது?

எந்த வழியையும் இரண்டே கேள்விகளால் அளந்துவிடலாம். நீங்கள் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கும் அந்த ஒரு காரியத்தை அது வாரத்தில் எத்தனை முறை செய்ய வைக்கிறது? செய்ததன் பலன் எத்தனை நாளில் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது? இந்த இரண்டுக்கும் பதில் இல்லாத வழி எவ்வளவு நன்றாக இருந்தாலும் மூன்று மாதத்தில் கரைந்துவிடும்.

இல்லாதது எது என்று முதலில் பாருங்கள்

உந்துதல், நோக்கம், நம்பிக்கை மூன்றையும் ஒரே பையில் போட்டுப் பேசுவதால்தான் மருந்து மாறிப்போகிறது. செய்ய வேண்டியது தெரியும், பயமும் இல்லை, ஆனால் நேரம் வந்ததும் கை வேறு வேலைக்குப் போய்விடுகிறது என்றால் குறைவது உந்துதல். வேலையும் நடக்கிறது, வருமானமும் வருகிறது, "இதை இரண்டு மடங்காக்கி என்ன செய்யப்போகிறாய்" என்று கேட்டால் வாய் அடைத்துப்போகிறது என்றால் குறைவது நோக்கம். நம்பிக்கைக் குறைவு வேறு மாதிரி. அது குறிப்பிட்ட ஓர் இடத்தில் மட்டும் காலைப் பிடிக்கும். வீட்டிலும் தெருவிலும் கலகலவென்று பேசுகிறவருக்கு மொத்த வியாபாரி முன் விலை சொல்லும்போது மட்டும் குரல் இறங்கும். ஆகவே "எனக்குத் தன்னம்பிக்கை இல்லை" என்று மொத்தமாகச் சொல்லாதீர்கள். எந்த இடத்தில், யார் முன்னால், எந்த வாக்கியத்தைச் சொல்லும்போது என்று எழுதிப் பாருங்கள்.

நம்பிக்கைக் குறைவு என்று நினைப்பது பல நேரம் கணக்குக் குறைவாக இருக்கும். சாம்பார் பொடியையே எடுத்துக்கொள்வோம். உதாரணத்துக்கு, ஒரு கிலோவுக்குச் சரக்கு 280 ரூபாய், அரவைக்கூலி 30, கவரும் லேபிளும் 27, போக்குவரத்து 18, உங்கள் கூலி 60, ஆக 415. இதைப் பத்து பாக்கெட்டால் வகுத்தால் 100 கிராமுக்கு 42 ரூபாய்க்குள் அடங்கும். ஆனால் வறுத்து, அரைத்து, சலித்தபின் ஒரு கிலோ முழுதாகக் கையில் நிற்காது. ஒன்பது பாக்கெட்தான் தேறுகிறது என்றால் அடக்கம் 46. கடைக்காரருக்கு 50க்குக் கொடுக்கும்போது மிஞ்சுவது எட்டா நாலா என்றே தெரியாதவர், அவர் "45க்குத் தர்றியாம்மா?" என்று கேட்டதும் தடுமாறத்தான் செய்வார். அந்தத் தடுமாற்றத்துக்குத் தேவை ஒரு மாலை நேரக் கணக்கு மட்டும்தான். உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் இல்லாத பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரும் கூச்சமும் இதே வகை. பதிவு எடுத்துவிட்டால் பாதி போய்விடும்.

இன்னொன்றையும் ஒதுக்கிவிட்டு மேலே போக முடியாது. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன, எழுந்திருப்பதே பாரமாக இருக்கிறது என்றால் இந்தக் கட்டுரையில் வரும் எந்த வழிக்கும் பணம் கட்டாதீர்கள். மருத்துவரைப் பாருங்கள். ரத்தசோகையும் தைராய்டு குறைபாடும்கூட இதே சோர்வைத் தரும், சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மனம் சார்ந்த உதவிக்கு டெலிமானஸ் 14416 எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

நம்பிக்கை எங்கிருந்து வருகிறது

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் இதற்கு நான்கு ஊற்றுகளைச் சொன்னார். தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் தரும் ஊக்கச் சொல், உடம்பு இருக்கும் நிலை. நான்கிலும் வலுவானது முதலாவது. ஊக்கச் சொல்லால் வரும் நம்பிக்கை முதல் தோல்வியிலேயே சரிந்துவிடும். கையால் செய்து கண்ட நம்பிக்கை அப்படிச் சரியாது. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம்.

ஒரு நாள் செமினார்

இது பெரும்பாலும் மூன்றாவது ஊற்று. இசை, கைத்தட்டல், ஆயிரம் பேர் ஒரே குரலில் கத்துவது என்று உடம்பின் நிலையையும் அன்றைக்கு மாற்றிவிடும். அந்த எழுச்சி பொய்யில்லை. ஆனால் அது மண்டபத்தோடு ஒட்டியது. மூன்றாவது நாள் கடையைத் திறக்கும்போது அங்கே இசையும் இல்லை, கூட்டமும் இல்லை. ஜெயித்துவிட்டதாகக் கண்மூடிக் கற்பனை செய்யும் பயிற்சியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. உளவியலாளர் கேப்ரியல் எட்டிங்கன் குழுவினரின் ஆய்வுகளில், இனிய கற்பனையில் மட்டும் திளைத்தவர்களுக்கு அந்த இலக்கை நோக்கி உழைக்கும் சக்தி குறைந்தது. கிடைத்துவிட்ட நிறைவை மனம் முன்கூட்டியே அனுபவித்துவிடுகிறது. கற்பனையோடு கூடவே குறுக்கே நிற்கும் தடையையும் எண்ணிப் பார்ப்பதுதான் பலன் தந்தது.

செமினாருக்குப் போகவே கூடாது என்பதில்லை. உங்கள் தொழிலிலேயே, உங்கள் அளவிலேயே தொடங்கி வளர்ந்த ஒருவர் பேசுகிறார் என்றால் போகலாம். அங்கே இரண்டாவது ஊற்று வேலை செய்யும். பெரிய தொழிலதிபரின் கதையைவிட, பக்கத்து ஊரில் பத்து கடைக்குப் பொடி போடுகிறவர் முதல் கடையில் என்ன பேசினார் என்பது அதிகம் உதவும். ஒரே ஒரு எச்சரிக்கை: நாள் முடிவில் "இன்று மட்டும் பாதி விலை" என்று அடுத்த பயிற்சிக்குப் பணம் கேட்பார்கள். மண்டபத்துக்குள் இருக்கும்வரை ஜிபே திறக்காதீர்கள். மூன்று நாள் கழித்தும் வேண்டும் என்று தோன்றினால் அப்போது கட்டலாம். செலவைக் கணக்கிடும்போது டிக்கெட்டோடு பேருந்துக் கட்டணத்தையும் கடை மூடிய நாளின் வியாபாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பல வாரப் பயிற்சி

இதை அரசு வேலை மாதிரி நடக்கும் ஏதோ ஒன்று என்று பலர் ஒதுக்குகிறார்கள். ஒதுக்கக் கூடாது. இந்தியாவில் தொழில்முனைவோர் பயிற்சிகள் பலவற்றின் வேர் 1960களில் இருக்கிறது. ஹார்வர்டு உளவியலாளர் டேவிட் மெக்லெலண்ட், ஆந்திராவின் காக்கிநாடாவைச் சேர்ந்த சிறுதொழில்காரர்களுக்கு ஹைதராபாத்தில் சாதனை ஊக்கப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார். பயிற்சி பெற்றவர்கள் பெறாதவர்களைவிடப் புதிய முயற்சிகளில் அதிகம் இறங்கினார்கள். அவர் வழியில் வந்த வளையம் எறியும் விளையாட்டு இன்றும் பயிற்சி வகுப்புகளில் நடக்கிறது. தரையில் ஒரு குச்சி நட்டிருக்கும். எவ்வளவு தூரத்தில் நின்று வளையம் எறிவது என்பது உங்கள் விருப்பம். சிலர் குச்சியின் தலையிலேயே நின்று போடுவார்கள், தோற்கவே முடியாது. சிலர் அறையின் கோடிக்குப் போவார்கள், தோற்றாலும் வெட்கமில்லை. நடுவில் நின்று, விழவும் விழாமல் போகவும் சம வாய்ப்புள்ள தூரத்தை எடுத்து, ஒவ்வொரு எறிதலுக்குப் பிறகும் அரையடி முன்னே பின்னே நகர்கிறவரே தொழிலில் நிற்கிறவர். மாத இலக்கு வைக்கும்போது நாம் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று இதைவிடத் தெளிவாகக் காட்டும் பயிற்சி இல்லை.

இதைவிடப் பெரிய சான்று ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. டோகோ நாட்டின் லோமே நகரில் 1,500 சிறு வியாபாரிகளை மூன்றாகப் பிரித்தார்கள். 500 பேருக்குக் கணக்கு, விற்பனை, நிதி என்று வழக்கமான வணிகப் பயிற்சி. 500 பேருக்கு உளவியல் அடிப்படையில் முன்முயற்சிப் பயிற்சி: பிறர் சொல்லக் காத்திராமல் தொடங்குவது, பக்கத்துக் கடையிலிருந்து வேறுபடுவது, தடையை முன்கூட்டி எண்ணுவது. மீதி 500 பேருக்கு எதுவும் இல்லை. இரண்டு ஆண்டுக்கும் மேலாகத் தொடர்ந்து அளந்து 2017இல் முடிவு வெளியானது. முன்முயற்சிக் குழுவின் லாபம் 30 சதவீதம் உயர்ந்தது. வழக்கமான பயிற்சிக் குழுவில் 11 சதவீதம்தான், அதுவும் தற்செயல் என்று தள்ளிவிடக்கூடிய அளவு.

மனப் பயிற்சி வேலை செய்கிறது என்பதற்கு இது சான்று. ஆனால் அது நடந்த விதத்தைப் பாருங்கள். நான்கு வாரம், வாரத்துக்கு மூன்று அரைநாள், மொத்தம் 36 மணி நேரம். அதன்பின் நான்கு மாதம், மாதம் ஒருமுறை பயிற்சியாளர் கடைக்கே வந்து மூன்று மணி நேரம் உட்கார்ந்தார். ஒருவருக்குச் சுமார் 750 டாலர் செலவு. ஒரு நாள் மண்டபத்தில் கிடைக்காதது இந்தத் தொடர்ச்சிதான்.

இங்கே இதற்கு நெருக்கமாக இருப்பது மாவட்டந்தோறும் வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள். 1982இல் கர்நாடகத்தின் உஜிரேயில் தொடங்கிய ருட்செட்டி என்ற பயிற்சி நிலையம் இவற்றுக்கு முன்மாதிரி. பயிற்சி, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இலவசம். கிராமப்புற ஏழைக் குடும்பங்களுக்கு முன்னுரிமை. தொழிலோடு ஊக்கப் பயிற்சியும் பாடத்தில் உண்டு, முடித்தபின் இரண்டு ஆண்டு தொடர்பு வைத்திருப்பதும் திட்டத்தின் பகுதி. நகரத்தில் இருப்பவர்களுக்கு, சென்னை கிண்டியில் உள்ள தமிழ்நாடு அரசின் தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் சில நாள் வகுப்புகளைக் கட்டணத்தோடு நடத்துகிறது. சேருமுன் ஒன்று கேளுங்கள்: "முடிந்தபின் யார் வருவார்கள், எப்போது வருவார்கள்?" பதில் மழுப்பலாக இருந்தால் அது வெறும் வகுப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள். சான்றிதழுக்காகப் போகலாம், மாற்றத்துக்காக வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் கடையை வைத்திருப்பவருக்கு முழுநாள் வகுப்பு ஒத்துவராது என்பதும் உண்மை.

கோச்

நல்ல கோச் கிடைத்தால் பலன் உண்டு. ஆனால் இந்தியாவில் கோச் என்று பலகை மாட்ட எந்த உரிமமும் தேவையில்லை. சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பின் சான்று ஓர் அளவுகோல். அதன் முதல் நிலைக்கு 100 மணி நேரம், இரண்டாம் நிலைக்கு 500, உயர்ந்த நிலைக்கு 2,500 மணி நேரம் கோச்சிங் செய்திருக்க வேண்டும். முதல் சந்திப்பிலேயே ஒரு சோதனை இருக்கிறது: ஒரு மணி நேரத்தில் யார் அதிகம் பேசினார்கள்? அவரே முக்கால் மணி நேரம் பேசினார் என்றால் அது ஒருவருக்கான செமினார். சந்திப்பு முடியும்போது இந்த வாரம் நீங்கள் செய்யப்போகும் ஒரு காரியம் நாள், நேரத்தோடு எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒரு வருடக் கட்டணத்தை முன்கூட்டிக் கேட்பவரிடம் நான்கு சந்திப்புக்கு மட்டும் கட்டுகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். பத்தாயிரத்துக்குள் இந்த வழி நாலைந்து சந்திப்போடு நின்றுவிடும் என்பதால், பெரிய முடிவு ஒன்றில் சிக்கி நிற்பவருக்கு மட்டும்தான் இதைச் சொல்வோம்: கூட்டாளியைப் பிரிவதா, வேலையை விடுவதா என்பது போல.

பேச்சு மன்றமும் வணிகர் குழுவும்

நான்கு பேர் முன்னால் வாய் திறக்க முடியவில்லை என்பதே தடை என்றால், 1924இல் கலிபோர்னியாவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றம் பணத்துக்கு மிக நல்ல வழி. சந்தா ஆறு மாதத்துக்கு 60 டாலர், புதிதாகச் சேர 20 டாலர், சில மன்றங்கள் சொந்தக் கட்டணமும் சேர்க்கும். விருந்தினராக முதலில் இலவசமாகப் போய்ப் பார்க்கலாம். அங்கே பயிற்சி நடக்கும் விதம் நம் அளவுகோலுக்குச் சரியாகப் பொருந்துகிறது. திடீர்த் தலைப்பில் ஒன்று முதல் இரண்டு நிமிடம் பேச வேண்டும். ஒரு நிமிடத்தில் பச்சை, ஒன்றரையில் மஞ்சள், இரண்டில் சிவப்பு அட்டை. எத்தனை முறை "ஆ", "வந்து" என்று இழுத்தீர்கள் என்று ஒருவர் எண்ணிச் சொல்வார். உங்கள் முழுப் பேச்சை இன்னொருவர் இரண்டு மூன்று நிமிடத்தில் மதிப்பிடுவார். பலன் அதே மாலையில் கையில் கிடைக்கிறது. குறை ஒன்று: அங்கே கைத்தட்டுகிறவர்கள் வாடிக்கையாளர்கள் இல்லை. மன்றத்தில் சிறந்த பேச்சாளர் பரிசு வாங்கிவிட்டுக் கடனைத் திருப்பிக் கேட்கத் தயங்குகிறவர்கள் உண்டு. ஆறு மாதத்துக்குப் பிறகு மன்றமே பொழுதுபோக்காகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வணிகர் குழுக்களில் பெரியது 1985இல் ஐவன் மிஸ்னர் தொடங்கிய பிஎன்ஐ. வாராந்திரக் கூட்டம், குழுவில் ஒரு தொழிலுக்கு ஒருவர், வருகையில் கண்டிப்பு, சுருக்கமாக உங்கள் தொழிலைச் சொல்லி மற்றவர்களின் பரிந்துரை பெறுவது. ஆண்டுக் கட்டணம் நம் பத்தாயிரத்தில் அடங்காது. ஆடிட்டர், உள் அலங்கார வேலை செய்பவர், அச்சகம் போன்று ஒரே ஆர்டரில் ஆயிரக்கணக்கில் வரும் தொழிலுக்கு அது திரும்ப வரும். 50 ரூபாய்ப் பாக்கெட் விற்கிறவருக்கு வராது.

நோட்டும் ஒரு துணையும்

மிக மலிவான வழி இதுதான், பெரும்பாலானவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வதும் இதுதான். தேவை: 40 பக்க நோட்டு ஒன்று, வாரம் 15 நிமிடம் போனில் பேச ஒருவர். இருந்தும் பலர் இதில் தோற்கிறார்கள். காரணம், "இந்த மாதம் 20 கடை பிடிப்பேன்" என்று எழுதுகிறார்கள். கடை பிடிப்பது கடைக்காரரின் கையில் இருக்கிறது, உங்கள் கையில் இல்லை. நோட்டில் எழுத வேண்டியது நீங்கள் செய்யும் செயலை, அதுவும் "இது நடந்ததும் இதைச் செய்வேன்" என்ற வடிவில். ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் ஆராய்ந்த முறை இது. 94 ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் பார்த்தபோதும், இப்படி நேரமும் இடமும் கட்டி எழுதியவர்கள் வெறும் எண்ணம் வைத்தவர்களைவிடத் தெளிவாக முன்னே நின்றார்கள்.

பொடி விற்பவரின் நோட்டில் அது இப்படி இருக்கும்: "செவ்வாய், சமையல் முடித்து அடுப்பைத் துடைத்ததும், பையில் 6 பாக்கெட் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு தெருவில் 3 கடை ஏறுவேன்." அதன் கீழே தடைக்கும் ஒரு வரி: "'அடுத்த வாரம் பாக்கலாம்மா' என்றால், 'சரிங்கண்ணா, வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வரட்டுமா?' என்று நாள் கேட்டுவிட்டுத்தான் படி இறங்குவேன்." இந்த இரண்டாவது வரிதான் நம்பிக்கையைக் காக்கிறது. பதில் கைவசம் இருப்பதால் மறுப்பு திடீரென்று வந்து தாக்குவதில்லை.

போகும் நேரத்தையும் பார்க்க வேண்டும். மாதத்தின் முதல் வாரம் மளிகைக் கடையில் லிஸ்ட் போடும் கூட்டம், யாரும் தலை நிமிர மாட்டார்கள். மாலை ஆறிலிருந்து எட்டும் அப்படியே. இரண்டாவது வாரம் முதல், காலை பதினொன்றிலிருந்து பன்னிரண்டு, அல்லது மூன்றிலிருந்து நான்கு. தவறான நேரத்தில் போய் வாங்கிய "அப்புறம் வாங்க"வைத் தன் திறமைக் குறைவு என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பியவர்கள் ஏராளம்.

ஏணியையும் சிறிய படிகளாகக் கட்டுங்கள். முதல் வாரம் கடையில் ஏதாவது வாங்கிக்கொண்டு, எந்தப் பொடி அதிகம் போகிறது என்று மட்டும் கேளுங்கள். இரண்டாவது வாரம் மாதிரிப் பாக்கெட் ஒன்று கொடுத்துவிட்டு வாருங்கள், விலை பேச வேண்டாம். மூன்றாவது வாரம் விலை. பழைய பாக்கியைக் கேட்பது கடைசிப் படி, ஏனென்றால் பெரும்பாலானவர்களுக்கு அதுதான் மிகக் கஷ்டம்.

நோட்டில் நான்கு பத்தி போதும்: நாள், செய்தது, வந்த பதில், அடுத்தது. "செவ்வாய். 3 கடை. ஒருவர் வேண்டாம், ஒருவர் வியாழன் வரச்சொன்னார், ஒருவர் 10 பாக்கெட், 15 நாள் கடன். வியாழன் ஒரு கடை, அடுத்த மாதம் 5ஆம் தேதி வசூல்." ஐந்தாறு வாரம் இப்படிச் சேர்ந்தபின் பக்கங்களைப் புரட்டினால், "என்னால் முடியாது" என்று மனசு சொல்வதற்கு எதிராக உங்கள் கையெழுத்திலேயே சாட்சி இருக்கும். பண்டூரா சொன்ன முதல் ஊற்று அதுதான்.

ஒரு நாள் தவறிவிட்டால்? லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்து நடந்து 2010இல் வெளியான ஆய்வில், புதிய பழக்கம் தானாக நடக்கும் நிலையை எட்டச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. நடுவில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பை ஏற்படுத்தவில்லை. ஆகவே 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று சொல்லப்படும் கணக்கை நம்பி, 22ஆம் நாள் இன்னும் கஷ்டமாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள்.

துணையாகக் கணவனையோ மனைவியையோ வைத்துக்கொள்ள வேண்டாம். "ஏன் போகலை?" என்ற கேள்வி வீட்டுச் சண்டையாகிவிடும். வேறு தொழில் செய்யும், உங்கள் அளவிலேயே இருக்கும் ஒருவர் நல்லது. மகளிர் குழுவில் இருந்தால் அங்கேயே கிடைப்பார். ஞாயிறு இரவு எட்டு மணிக்கு மூன்று கேள்வி: என்ன செய்தீர்கள், எங்கே நின்றுபோனது, இந்த வாரம் எப்போது? தவறினால் 100 ரூபாய் அபராதம் என்று வைப்பவர்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள். இஸ்ரேலின் ஹைஃபாவில், பிள்ளைகளை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்குக் காப்பகங்கள் அபராதம் போட்டபோது தாமதம் கூடியது. அபராதத்தை எடுத்தபின்னும் குறையவில்லை. காசு கொடுத்ததும் குற்ற உணர்வு தீர்ந்துவிடுகிறது.

நோட்டு தராத ஒன்று நோக்கம். அதைக் கட்டணம் வாங்கிக்கொண்டு யாரும் தர முடியாது என்றே நினைக்கிறோம். முதல் பக்கத்தில் இந்தப் பணம் எங்கே போகப்போகிறது என்று பெயரும் தொகையும் தேதியுமாக எழுதுங்கள். "குடும்ப முன்னேற்றம்" என்று எழுதினால் உதவாது. "மகளின் பாலிடெக்னிக் கட்டணம், ஜூன் மாதம்" என்று எழுதினால் செவ்வாய்க்கிழமை வெயிலில் கால் நடக்கும்.

பத்தாயிரத்தைப் பிரித்தால்

முதல் ஆறு வாரம் நோட்டும் துணையும் மட்டும். செலவு மாதிரிப் பாக்கெட்டுக்கும் பஸ்ஸுக்கும் 1,500 ரூபாய். மீதியைத் தொடாதீர்கள். ஆறாவது வார ஞாயிறு, முடிவுகளை விட்டுவிட்டு "செய்தது" பத்தியை மட்டும் எண்ணுங்கள். வாரம் 3 கடை என்று எழுதியவருக்கு 18 வரவேண்டும். 12க்கு மேல் இருந்தால் வழி சரி, மீதிப் பணத்தைச் சரக்கிலும் நல்ல கவரிலும் போடுங்கள். ஐந்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் இருந்து, எல்லாம் பேசும் இடத்திலேயே நின்றுபோயிருந்தால் பேச்சு மன்றத்தில் ஆறு மாதம் சேருங்கள். ஐந்துக்குக் கீழே என்றால் படி உயரமாக இருக்கிறது. வாரம் ஒரு கடை என்று குறைத்து இன்னும் மூன்று வாரம் பாருங்கள், கூடவே பயிற்சி நிலையத்தில் அடுத்த வகுப்பு எப்போது என்று கேட்டு வையுங்கள். கடை ஏறியது 18, ஆர்டர் பூஜ்யம் என்றால் உங்கள் மனசில் குறையில்லை. பாக்கெட்டையும் விலையையும் எடுத்துக்கொண்டு அந்த முதல் கடைக்காரரிடமே போய், "எதனால எடுக்கலைங்கண்ணா?" என்று கேளுங்கள்.